தராசைப் பிடித்த கை

புளியடிவிளை,
மார்த்தாண்டம் வழி,
திங்கட்கிழமை, காலைக் காப்பிக்குப் பிறகு.

மதிப்பிற்குரிய 'தென்கோடிச் செய்தி' நாளிதழ் ஆசிரியர் அவர்களுக்கு, அரசுப் பேருந்தில் ஆயுள் முழுக்க விசில் ஊதி ஓய்வுபெற்ற நடத்துநர் யேசுரத்தினம் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ரோஸ்பாயும் கர்த்தர் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனதுக்குத்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் தாங்கள். தங்கள் சுகமும், தங்கள் வீட்டார் சுகமும், தங்கள் அச்சு எந்திரத்தின் சுகமும், முதல் பக்கத்தில் விளம்பரம் கொடுக்கும் நகைக்கடைக்காரர்களின் சுகமும் அறிய ஆவலாயிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் தங்கள் பத்திரிகைக்கு விரோதி அல்ல. வண்டியில் இருந்த காலத்திலேயே பேப்பரை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செருகி வைத்து, களியக்காவிளை போய்த் திரும்புவதற்குள் மரண அறிவிப்பில் தொடங்கி மணமகன் தேவையில் முடித்துவிடுவேன். அப்படிப்பட்ட பத்திரிகையில் ஒரே ஒரு தடவை என் முகம், அதன் கீழே என் பெயர், இவ்வளவுதான் சார் என் ஆசை. ஒரு தடவை வந்திருக்கவேண்டியது. எங்கள் பக்கம் புதுவண்டி விட்டபோது மாலையெல்லாம் போட்டுப் படம் எடுத்தார்கள். மறுநாள் பார்த்தால் வண்டிக்கு முன்னால் கட்டியிருந்த வாழைக்குலை என் முகத்தை மறைத்துவிட்டது. விசில் பிடித்த கை மட்டும் வந்திருந்தது. அந்தக் கை என்னுடையது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒருத்தனும் நம்பவில்லை.

ஆனால் ரோஸ்பாயின் தம்பி நேசமணி, எங்கள் பேச்சில் சொன்னால் என் அளியன், அடுத்த விளையில், அதாவது பக்கத்துத் தோட்டத்தில்தான் குடியிருக்கிறான், அவன் படம் தங்கள் பத்திரிகையில் மூன்று தடவை வந்திருக்கிறது. ஒருதடவை காற்றில் ஒடிந்த வாழையோடு, ஒருதடவை ஒடியாத வாழையோடு, ஒருதடவை ராட்சத சேனைக்கிழங்கோடு. மூன்றையும் கண்ணாடி போட்டு மாட்டி, விருந்தாளிக்கு அதற்கு எதிரேதான் நாற்காலி போடுவான். வருடா வருடம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இதே நாளில்" என்று எடுத்து விடுவான். பஹ்ரைனில் இருக்கும் என் மகன் ஜெகின் அதற்குக் கட்டைவிரல் போடுவான். பெற்ற மகன் சார்! எனக்கு ஒரு கட்டைவிரல் போட்டதில்லை. அந்த சேனைக்கிழங்கின் ரகசியம் ஊருக்கே தெரியும். தங்கள் பழைய நிருபர் ஜெப்சன் கிழங்கை கேமராவுக்கு மூக்கில் முட்டுகிற மாதிரி வைத்துவிட்டு, "அண்ணே, நீங்க அந்தத் தெங்கு மூட்டுல போய் நில்லுங்க"ன்னு நேசமணியைத் தூரத்துத் தென்னைமரத்தடிக்கு விரட்டி எடுத்த படம் அது. பேப்பரில் தண்ணீர் டாங்க் மாதிரி ஒரு கிழங்கு, அதன் பின்னால் கொசு மாதிரி நேசமணி. அது பத்திரிகை! வேலை தெரிந்த பையன்!

போன வெள்ளிக்கிழமை மழை விட்டதும் இரவுக்குக் கிழங்கு அவிக்கலாம் என்று ஒரு மூடு மரச்சீனி, வெளியூரில் மரவள்ளி என்பார்களே, அதைப் பிடுங்கப் போனேன். வரவில்லை. ரோஸ்பாயும் வந்து பிடித்தாள். வரவில்லை. "பாறையில வேரு சிக்கியிருக்குவு, விட்டுருங்க"ன்னு அவள் சொன்னாள். நான் விடுவேனா, மண்வெட்டியை எடுத்துத் தோண்டத் தோண்ட, அது போய்க்கொண்டே இருக்கிறது சார்! எங்கள் விளைக்கும் நேசமணி விளைக்கும் நடுவில் எல்லைக்கு மண்ணால் கட்டிய கையாலை ஒன்று உண்டு, அதற்கடியிலும் போயிருக்கிறது. வெளியே எடுத்துப் போட்டால் என் நெஞ்சளவுக்கு ஒற்றைக் கிழங்கு. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "ரோஸ்பாயி, வந்துட்டுடி நம்ம நேரம்!"னு கத்தினேன். அவள் மீன்கறி அடுப்பில் கிடக்கிறது என்று ஓடிவிட்டாள்.

கிழங்கு கம்பீரம்தான், இருந்தாலும் படத்துக்கு ஒரு இம்மி போதாது என்று எனக்குப் பட்டது. பக்கத்து மூட்டிலிருந்து இன்னொரு கிழங்கைப் பிடுங்கி, இதன் நுனியில் ஒட்டவைத்து, தென்னை ஈர்க்கிலை ஒடித்து நாலைந்து இடத்தில் குத்தி, சேருகிற இடத்தில் செம்மண்ணைக் குழைத்துப் பூசினேன். தாங்கள் இதை மோசடி என்று நினைக்கக் கூடாது. கல்யாணப் பெண்ணுக்குப் பூ வைப்பதில்லையா? அதோடு, பெரிதாக்கிக் காட்டுகிற இந்த வித்தையே ஜெப்சன் படம் எடுக்கும்போது பார்த்துப் படித்ததுதான்.

ஜெப்சனுக்குப் போன் போட்டேன். அவன் தங்கள் பத்திரிகையை விட்டுவிட்டு 'ஜெப்சன் லைவ்' என்று செல்போனில் சொந்தமாகச் செய்தி நடத்துகிறானாம், அன்று அஞ்சுகிராமம் பக்கம் ஏதோ இரண்டுதலைக் கன்றுக்குட்டியைத் தேடிப் போயிருந்தான். சரி என்று தங்கள் ஆபீசுக்குச் சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம் ஷிபா என்று ஒரு பிள்ளை ஸ்கூட்டியில் வந்து இறங்கியது. நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை, "மாமா, சுகந்தன்னா?"ன்னு கேட்டது, மனசு நிறைந்துபோச்சு. அப்புறம் அது ஸ்கூட்டி சீட்டைத் தூக்கி உள்ளேயிருந்து என்ன எடுத்தது என்று நினைக்கிறீர்கள்? கேமரா இல்லை சார். தராசு! மீன்கடையில் தொங்கவிடுவார்களே, அந்தத் தராசு! கூடவே அளவு டேப்!

ரோஸ்பாய் கிழங்கும் சாளைமீன் கறியும் இலையில் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாம் மாமி, செய்தி எழுதுத வீட்டுல நாங்க சாப்பிடப்பிடாது"ன்னு சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் கிழங்கும் மீனும் வேண்டாம் என்று ஒரு ஆள் சொல்லி நான் கேட்டதில்லை. வழக்குப் பேச வந்தவன்கூட சாப்பிட்டுவிட்டுத்தான் சண்டை போடுவான். ரோஸ்பாய்க்கு முகம் சுண்டிப்போய்விட்டது. ஜெப்சன் என்றால் இதற்குள் இரண்டாவது தடவை கறி கேட்டிருப்பான்.

சரி, படம் எடுக்கட்டும் என்று சட்டையை மாற்றிக்கொண்டு கிழங்குக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "மாமா, மொதல்ல எடை பாக்கலாம், இந்தத் தராச ஒண்ணு பிடிச்சுத் தருவியளா?"ன்னு கேட்டது. நான் கைப்பிடியைப் பிடித்தேன். அது கிழங்கைக் கொக்கியில் மாட்டித் தூக்கியது. தூக்கியதும் நுனி தனியாக வந்து என் கால் பெருவிரலில் விழுந்தது.

"மாமா, இதுக்குள்ள ஈர்க்கில் இருக்கே?"

"அது ஈர்க்கில் இல்ல பிள்ளே, மரச்சீனிக்கு நடுவுல நாரு இருக்கும்லா, அதாக்கும்."

"நாரு முனையில ஓலை ஒட்டிட்டு இருக்குமா மாமா?"

"இது புது இனம்"னு சொன்னேன். அந்தப் பிள்ளை சிரிக்கக்கூட இல்லை. நுனியைத் தனியே வைத்துவிட்டு மிச்சத்தை நிறுத்தது. பார்க்கப்போனால் ஒட்டாமலேயே அது பெரிய கிழங்குதான் சார், ஷிபாவே "யம்மா, ஒற்றைக் கிழங்கா இது!"ன்னு வாய் பிளந்தது. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்.

அடுத்தது விசாரணை. வண்டியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால்கூட இவ்வளவு கேட்கமாட்டார். நிலம் யார் பேரில் என்று கேட்டது. நம்ம பேரில்தான் என்றேன். "நம்மன்னா யாரு மாமா?" அடுக்களைக்குள்ளிருந்து ஒரு குரல் வருகிறது: "எனக்க பேருலயாக்கும் மக்களே, எங்க அப்பா எனக்குத் தந்தது." சரி, கம்பு நட்டது யார்? நாங்கள் என்றேன். "நாங்கன்னா?" ரோஸ்பாய் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "நட்டதும் நான், மண்ணு அணைச்சதும் நான், எலி வராம காவல் கெடந்ததும் நான். இவரு கட்டில்ல மலந்து கெடந்து பேப்பர் படிச்சாரு. ஒங்க பேப்பர்தான் மக்களே." ஷிபா அதையும் எழுதிக்கொண்டது!

அதோடு விட்டதா? குழியை எட்டிப் பார்த்தது, கையாலைக்கு அடியில் ஓட்டை போவதைப் பார்த்தது, "அந்தப் பக்கம் ஆருக்க விளை? அவங்ககிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும்லா"ன்னு சொன்னது. எதற்கு சார் கேட்கணும்? கூப்பிட்டது நான், கிழங்கு என் வீட்டில், அவனிடம் என்ன கேள்வி? ஆனால் நேசமணி ஏற்கெனவே கையாலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தான், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்! பத்திரிகைக்காரி வந்தது அவனுக்கு எப்படி மூக்கில் வேர்த்தது என்று தெரியவில்லை. "அத்தான், கோவிக்கப்பிடாது. மூடு ஒங்க விளையில இருக்கலாம். கிழங்கு தின்னது எனக்க உரம். முக்காலும் எனக்க மண்ணுலயாக்கும் கெடந்தது"ங்கறான். "ஏலே, அப்ப ஒனக்க தெங்குல இருந்து எனக்க முற்றத்துல விழுத தேங்கா ஆருக்குடே?"ன்னு நான் கேட்டேன். "அது வேற சப்ஜெக்ட்"ங்கறான். ரோஸ்பாய் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், நான் நடுவில் தராசோடு. அந்த நேரம் பார்த்து கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. நான் முகத்தைத் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்துபோச்சு.

போகும்போது தனியாக ஸ்கூட்டி பக்கம் போய், "பிள்ளே, அந்த ஈர்க்கில் சமாச்சாரத்த விட்டுரு, நான் குத்தினேன்னு எழுதிராதே"ன்னு கெஞ்சினேன். "குத்தினத நான் பாக்கேல்ல மாமா. பாக்காதத எழுத மாட்டேன். இருந்ததப் பாத்தேன், அத எழுதுவேன்"ன்னு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பர் வந்தது. தாங்களே அச்சடித்ததுதான், இருந்தாலும் தாங்கள் வெட்கப்படவேண்டும் என்பதற்காக இங்கே திரும்ப எழுதுகிறேன். "மார்த்தாண்டம் அருகே புளியடிவிளையில் ரோஸ்பாய் என்பவருக்குச் சொந்தமான நிலத்தில், அவர் நட்டு வளர்த்த மரச்சீனியில் வழக்கத்தைவிட மிகப் பெரிய, பதினான்கு கிலோ எடையுள்ள கிழங்கு விளைந்துள்ளது. கிழங்கின் ஒரு பகுதி தமது நிலத்துக்குள் வளர்ந்திருந்ததால் தமக்கும் பங்குண்டு என்று அண்டை விளைக்காரர் நேசமணி கூறினார். ரோஸ்பாய் இதை மறுத்தார். ஈர்க்கிலால் இணைக்கப்பட்டிருந்த மற்றொரு கிழங்கு எடையில் சேர்க்கப்படவில்லை." படத்தில் ரோஸ்பாய் கரண்டியோடு ஜான்சி ராணி மாதிரி நிற்கிறாள். நேசமணி கையாலைமேல் நின்று விரலை நீட்டுகிறான். ஓரத்தில், சார், ஒரு கை. மறுபடியும் ஒரு கை! கீழே எழுதியிருக்கிறது: "தராசைப் பிடித்திருப்பது ரோஸ்பாயின் கணவர்." பெயர்கூட இல்லை சார்! ஐயா, எனக்கு அப்பனும் ஆத்தாளும் பெயர் வைக்காமலா விட்டார்கள்?

ஆலயத்துக்குப் போனால், அன்றைக்கென்று போதகரய்யா எடையிலும் அளவிலும் நேர்மை வேண்டும் என்று பிரசங்கம் வைக்கிறார். சபை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்க்கிறது. தராசை நேராகப் பிடித்தது நான் சார், அதையும் யாரும் நினைக்கவில்லை. வெளியே வந்தால் ஆளாளுக்கு, "அண்ணே, ஈர்க்கில் ஆரு குத்தினது?" தங்கள் நிருபர் எழுதவில்லை என்றால் ஊருக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதா? டீக்கடை ஞானையன் நேற்றிலிருந்து என்னைத் 'தராசு' என்று கூப்பிடுகிறான். "தராசுக்கு ஒரு டீ, சீனி கம்மி." விவசாய ஆபீசிலிருந்து ரோஸ்பாயைக் கேட்டுப் போன் வருகிறது. அவள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "ஆமா சார், எங்க அப்பா தந்த நிலம்"ன்னு பேசிப் பழகுகிறாள். காப்பி போட்டதற்கு அப்புறம் அடுப்பு பற்றவில்லை. இதை எழுதுவது வெறும் காப்பியில்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஒரு வாசகன் என்ற உரிமையில் பத்திரிகைக்காரனுடைய பொறுப்பு என்ன என்று சொல்கிறேன், தயவுசெய்து ஆபீசில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டவும். நிருபர் என்பவர் யார் கூப்பிட்டாரோ அவரிடம் மட்டும் கேட்கவேண்டும், ஊரெல்லாம் கேட்டால் உண்மை குழம்பிப்போகும். தராசு, டேப் போன்ற பொருட்களைக் குடும்பஸ்தர் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வைத்ததைச் சாப்பிடவேண்டும். பெண்சாதி பேசுவதை எழுதவே கூடாது. இதெல்லாம் ஜெப்சனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனுக்கு ரத்தத்திலேயே உண்டு. ஆகையால் ஷிபாவை உடனே வேறெங்காவது மாற்றவேண்டும். முட்டத்துக்கு அனுப்புங்கள், அங்கே பாறையும் கடலும் லைட்ஹவுசும் உண்டு, அளந்து அளந்து எழுதட்டும். ஜெப்சனைக் காலில் விழுந்தாவது திரும்பக் கூட்டிக்கொண்டு வாருங்கள். "யேசுரத்தினம் தோட்டத்தில் அதிசயக் கிழங்கு" என்று, என் முகம் தெரிகிற படத்தோடு, திருத்தச் செய்தி ஒன்று போடவேண்டும். படம் இதனுடன் வைத்திருக்கிறேன். மகன் கல்யாணத்தில் எடுத்தது, மாலையை மட்டும் அழித்துக்கொள்ளவும்.

தங்களுக்கும், அச்சுக் கோப்பவர்களுக்கும், விடிவதற்கு முன்னால் பேப்பர் போடுகிற ஆட்களுக்கும், அவர்கள் சைக்கிளுக்கும் கர்த்தர் நீடித்த ஆயுளும் நல்ல காற்றும் தருவாராக. வீட்டில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். இந்தப் பக்கம் வந்தால் வாருங்கள், கிழங்கும் மீனும் உண்டு. தராசு இல்லாமல் வரவும்.

இப்படிக்கு,
தங்கள் பத்திரிகையால் நொந்துபோன,
ச. யேசுரத்தினம்
(பெயரைக் கவனிக்கவும்)

பின்குறிப்பு: சார், மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். கவரை ஒட்டப் போகும்போது பஹ்ரைனிலிருந்து ஜெகின் கூப்பிட்டான். "எப்பா, என்னப்பா காரியம் செய்திய? கிழங்கு களவாண்டியளா?"ன்னு கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'ஜெப்சன் லைவ்' பாருங்கள் என்றான். போனில் பார்த்தேன். சங்கு ஊதுகிற மாதிரி ஒரு மியூசிக், சிவப்பு எழுத்து: "நேசமணி தோட்டத்து அதிசயக் கிழங்கு! அபகரிக்க முயன்றாரா மாஜி கண்டக்டர்?" கேள்விக்குறி போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் கேட்கலாமாம்! நேசமணி கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைக்கிறான். "ஆளுங்களுக்குக் காட்டிட்டுத் தாறேன் அக்கா"ன்னு நேற்று ரோஸ்பாயிடம் வாங்கிக்கொண்டு போன எங்கள் கிழங்கு சார் அது! அதன் நுனியில் நான் குத்தின துண்டைத் திரும்பக் குத்தி, அதற்கும் நுனியில் இன்னொரு துண்டு குத்தியிருக்கிறான். நானாவது ஒன்றோடு நிறுத்தினேன்!

அதற்கப்புறம் என் முகம் வந்தது. ஆசைப்பட்ட மாதிரியே, முழு முகம், அதன் கீழே என் பெயர், ஒரு எழுத்து பிசகவில்லை. முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். களவாணிக்குப் போடுகிற வட்டம் சார் அது. ஆயுள் முழுக்க ஒரு பயணியிடம் சில்லறை குறைத்தவன் இல்லை நான்.

ஜெப்சனுக்குப் போன் போட்டேன். "ஏலே, போடுததுக்கு முன்ன என்னட்ட ஒரு வார்த்த கேட்டியாடே?"ன்னு கேட்டேன். "அண்ணே, நேசமணி அண்ணன் சொல்லிச்சு, நான் போட்டேன். நீங்க சொல்லுங்க, நாளைக்கு நீங்க சொன்னபடி போடுதேன்"னு சிரிக்கிறான். இந்தக் கடிதம் எழுதுகிற வரைக்கும் இந்தப் பதிலுக்காகத்தான் சார் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டதும், "ஒண்ணும் போடண்டாம்டே"ன்னு சொன்னேன். போனை வைத்துவிட்டேன்.

ரோஸ்பாய் கையாலை ஏறிக் குதித்துத் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். சத்தம் இங்கே கேட்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எடுத்துப் போட்டோ பிடித்து ஜெகினுக்கு அனுப்பினேன். அவன் வாசித்தான். யார் நிலம், யார் நட்டது, யார் என்ன சொன்னார்கள், எல்லாம் அதில் உண்டு. ஈர்க்கில் இருந்தது என்று உண்டு, யார் குத்தியது என்று இல்லை, அந்தப் பிள்ளை சொன்ன சொல் காத்திருக்கிறது. அப்புறம் ஜெகினிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. "தராசு பிடிச்ச கை ஒங்க கைன்னு பாத்ததும் தெரிஞ்சுப்பா"ன்னும் எழுதியிருக்கிறான்.

அந்தப் பேப்பரைக் கண்ணாடி போடக் கொடுக்கப்போகிறேன். தயவுசெய்து ஷிபாவை எங்கும் மாற்றிவிடாதீர்கள், இன்றைக்கே இங்கே அனுப்புங்கள். நேசமணியிடமும் கேட்கட்டும், ஜெப்சனிடமும் கேட்கட்டும், ஈர்க்கில் குத்தியது யார் என்று என்னிடமே கேட்கட்டும், சொல்லிவிடுகிறேன். கிழங்கும் மீனும் வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்த மாட்டோம். தராசை மட்டும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள், பிடிக்க நான் இருக்கிறேன்.